அடுத்த கைக்காகச் செய்யப்பட்ட கருவிகள்

'டெக்னிக்கல் ரைட்டர் தேவை' என்று வரும் வேலை அறிவிப்புகளில் பாதி இடத்தை மென்பொருள் பெயர்களே அடைத்துக்கொள்ளும். ஃபிரேம்மேக்கர், மேட்கேப் ஃபிளேர், ஆக்சிஜன், கான்ஃப்ளூயன்ஸ், கிட், மார்க்டவுன், ஸ்னாகிட். தச்சரைத் தேடுபவர் உளி எந்தக் கம்பெனியுடையது என்று விசாரிப்பதில்லை. பயனர் கையேடும் நிறுவல் குறிப்பும் எழுதும் ஆளைத் தேடுபவர் மட்டும் முதலில் அதைத்தான் விசாரிக்கிறார். எழுதத் தெரியுமா என்ற கேள்வி அறிவிப்பின் கடைசி வரியில் ஒதுங்கிக்கொள்கிறது.

எந்தக் கருவி நல்லது என்ற சண்டை இந்தத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. சண்டை போடுபவர்கள் பெரும்பாலும் எழுதுபவரின் விருப்பத்தை வைத்தே பேசுகிறார்கள்: எதில் விரல் வேகமாக ஓடும், எதில் திரை அழகாக இருக்கும் என்று. வரலாற்றைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. எழுதி முடித்த பிரதியை எழுத்தாளரிடமிருந்து அடுத்து வாங்கிக்கொள்ளும் கை ஒன்று எப்போதும் உண்டு. அது அச்சுக்கோக்கும் இயந்திரமாக இருக்கலாம், ஹெல்ப் கம்பைலராக, மொழிபெயர்ப்பு நிறுவனமாக, புரோகிராமராக இருக்கலாம். ஒவ்வொரு காலத்திலும் வென்ற கருவி அந்தக் கைக்குத் தோதாகச் செய்யப்பட்டது. எழுத்தாளரின் வசதி அதற்குப் பின்னால்தான் வந்தது.

முதல் உதாரணம் யூனிக்ஸ். 1970வாக்கில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் புதிய கணினி ஒன்றுக்கு அலைந்தபோது, இயங்குதளம் எழுதப் பணம் கேட்டால் கிடைக்காது என்று தெரிந்திருந்தது. ஜோ ஒசானா முன்னின்று, ஆவணம் தயாரிக்கும் வசதி செய்து தருகிறோம் என்று கேட்டு பிடிபி-11 கணினியை வாங்கினார்கள். முதல் வாடிக்கையாளர் அதே நிறுவனத்தின் பேட்டன்ட் பிரிவு. விண்ணப்பங்களின் வரிகளுக்கு எண் போட வேண்டும் என்பது அவர்களது தேவை. 'ராஃப்' அதைச் செய்து கொடுத்தது. பிறகு ஒளி அச்சுக்கோப்பு இயந்திரம் வந்தபோது ஒசானா 'ட்ராஃப்' எழுதினார். வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி, அதையடுத்து இரண்டெழுத்துக் கட்டளை: இயந்திரத்துக்கு இது சுலபம், மனிதக் கண்ணுக்குக் கரடுமுரடு. கெர்னிகனும் ரிட்சியும் எழுதி 1978இல் வந்த சி மொழிப் புத்தகம் ட்ராஃபில் அச்சுக்கோத்ததுதான். யூனிக்ஸின் முதல் கையேட்டில் 1971 நவம்பர் என்று தேதி போட்டிருக்கிறது. இன்றைக்கும் லினக்ஸில் 'மேன்' என்று தட்டினால் வரும் பக்கங்களின் மூலக் கோப்பைத் திறந்து பாருங்கள், அந்தப் புள்ளிக் கட்டளைகள் அப்படியே இருக்கும். அரை நூற்றாண்டு தாண்டிய ஒரு எழுத்துக் கருவி வேலையில் இருக்கிறது.

அடுத்த தலைமுறையின் நாயகன் ஃபிரேம்மேக்கர். சார்லஸ் கார்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய கணிதக்காரர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது சன் கணினியில் எழுதத் தொடங்கியது அது. 1980களின் பிற்பாதியில் சந்தைக்கு வந்தது. ஆயிரம் பக்கக் கையேடு, இருபது அத்தியாயம், அத்தியாயம் தாண்டிப் போகும் குறுக்குக் குறிப்புகள், அட்டவணை எண்கள், பொருளடக்கம், சொல்லடைவு எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகக் கட்டி, எண் பிசகாமல் அச்சுக்கு அனுப்பும். 'கண்டிஷனல் டெக்ஸ்ட்' என்ற வசதிதான் எழுத்தாளர்களைக் கட்டிப்போட்டது. ஒரே கோப்பில் இரண்டு மாடல்களுக்கான வாசகத்தையும் வைத்துக்கொண்டு, ஒன்றை மறைத்து ஒரு கையேடு, மற்றதை மறைத்து இன்னொரு கையேடு எடுக்கலாம். போயிங் 777 விமானத்தின் ஆவணங்கள் இதில் தயாரானவை என்பது அதன் ரசிகர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வது.

1995இல் அடோபி அந்த நிறுவனத்தை வாங்கியது. 2004இல் மேக்கின்டாஷ் பதிப்பை நிறுத்தியது. யூனிகோடு வசதி 2007இன் எட்டாம் பதிப்பில்தான் வந்தது. விண்டோஸ் என்டி 1993லேயே யூனிகோடில் இயங்கியது என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய தாமதம் என்று தெரியும். இத்தனைக்கும் பிறகு ஃபிரேம்மேக்கரை விடாதவர்கள் கனரக இயந்திரம், மருத்துவக் கருவி, பாதுகாப்புத் துறை என்று அச்சுப் பிரதியைக் கேட்கும் துறைகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று கேலி செய்வது எளிது. பி.டி.எஃப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி இரண்டு பக்கங்களுக்கு நடுவே உடையாமல் இருக்க வேண்டும் என்று கறார் காட்டும் வாடிக்கையாளர் ஒருவரைச் சந்தித்தால் கேலி நின்றுவிடும்.

மைக்ரோசாஃப்ட் வேர்டைப் பற்றி இந்த வட்டாரத்தில் நல்ல வார்த்தை கேட்பது அரிது. நீண்ட ஆவணத்தில் பட்டியல் எண்கள் தாமாக மாறும், படங்கள் இடம்பெயரும், 'மாஸ்டர் டாக்குமென்ட்' வசதியைத் தொட்டவர்கள் கோப்பைப் பறிகொடுத்த கதை சொல்வார்கள். எல்லாம் உண்மை. என்றாலும் ஒரு விஷயத்தில் வேர்டை யாரும் வெல்லவில்லை என்பது என் கணிப்பு: மறுஆய்வு. சட்டப் பிரிவு, சந்தைப் பிரிவு, ஐம்பத்தைந்து வயது தலைமைப் பொறியாளர், யாருக்கு அனுப்பினாலும் திறந்து, சிவப்பில் திருத்தி, ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யாருக்கும் பயிற்சி தர வேண்டியதில்லை. கூகுள் டாக்ஸும் கான்ஃப்ளூயன்ஸும் இந்த ஒரு பலத்தைப் பிடித்துக்கொண்டுதான் அலுவலகங்களுக்குள் வந்தன. கான்ஃப்ளூயன்ஸில் எழுதுவது சுலபம், பழைய பக்கத்தைக் களைவது கடினம். இரண்டு ஆண்டு ஓடிய எந்தக் கான்ஃப்ளூயன்ஸ் தளத்திலும் ஒரே விஷயத்துக்கு ஒன்றோடொன்று முரண்படும் மூன்று பக்கங்களைக் காணலாம்.

விண்டோஸ் 3.0 வந்த 1990இல் அடுத்த கை மாறியது. கையேடு திரைக்குள் போயிற்று. 'வின்ஹெல்ப்' கோப்பு தயாரிக்க எழுத்தாளர்கள் வேர்டில் ஆர்.டி.எஃப் எழுதி, அடிக்குறிப்புகளில் பக்கத்தின் அடையாளப் பெயருக்கு ஹேஷ் குறியும், அதன் தலைப்புக்கு டாலர் குறியும், தேடுசொல்லுக்கு 'கே' எழுத்தும் போட்டு, கம்பைலருக்குக் கொடுத்தார்கள். ஒரு குறி தவறினால் இணைப்பு செத்துவிடும். இந்த வேதனையைக் காசாக்கியது புளூ ஸ்கை நிறுவனத்தின் ரோபோஹெல்ப். குறிகளை அது போட்டுக்கொள்ளும், நாம் எழுதினால் போதும். 1990களில் இந்தத் துறையில் ரோபோஹெல்ப் என்றால் ஹெல்ப், ஹெல்ப் என்றால் ரோபோஹெல்ப்.

புளூ ஸ்கை பின்னால் இஹெல்ப் என்று பெயர் மாறியது. 2003இல் மேக்ரோமீடியா வாங்கியது, 2005இல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. நடுவில் ரோபோஹெல்ப்பின் கதி என்ன என்று யாருக்கும் தெரியாத ஒரு காலம் இருந்தது. வெளியேறிய ஊழியர்கள் சிலர் சான் டியேகோ பகுதியில் மேட்கேப் தொடங்கி, ஃபிளேரைக் கொண்டுவந்தார்கள். பழைய வாடிக்கையாளர்களை அவர்களுக்குத் தெரியும், பழைய பிழைகளும் தெரியும். ஒரே மூலத்திலிருந்து வலைத்தளமும் பி.டி.எஃபும் எடுப்பதில் ஃபிளேர் இன்றும் வலுவானது. உள்ளே எக்ஸ்.எம்.எல் கோப்புகள் இருந்தாலும் எழுத்தாளர் அதைப் பார்க்க வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் 'எனக்குப் பிடித்த கருவி' என்று மனமாரச் சொல்லக் கேட்டது ஃபிளேரைப் பற்றித்தான் அதிகம். விண்டோஸை விட்டு நகரமாட்டேன் என்று நின்றதும், உரிமக் கட்டணமும்தான் அதன் எல்லை.

இனி டீட்டா. இங்கேதான் சற்று நின்று பேச வேண்டும். ஏனென்றால் பணம் இங்கேதான் இருக்கிறது.

ஐபிஎம்மில் சார்லஸ் கோல்ட்ஃபார்பும் கூட்டாளிகளும் 1969இல் உருவாக்கிய ஜி.எம்.எல் என்பதுதான் இந்தக் குடும்பத்தின் மூதாதை. பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்று குறிக்காமல், இது தலைப்பு, இது படிநிலை, இது எச்சரிக்கை என்று வாசகத்தின் பங்கைக் குறிப்பது அதன் யோசனை. அது 1986இல் எஸ்.ஜி.எம்.எல் என்ற சர்வதேசத் தரமாயிற்று, 1998இல் எக்ஸ்.எம்.எல் ஆகச் சுருங்கியது. ஓரெய்லி பதிப்பகமும் ஹால் கணினி நிறுவனமும் 1991இல் தொடங்கிய டாக்புக் இந்த வழியில் வந்தது. அது புத்தகம் என்ற வடிவத்தை நம்பியது: அத்தியாயம், பகுதி, பத்தி. ஐபிஎம் 2001இல் வெளியிட்டு, 2005இல் ஓயாசிஸ் அமைப்பு தரமாக ஏற்ற டீட்டா புத்தகத்தை நம்பவில்லை. எழுதுவது எல்லாம் தனித்தனித் துண்டு. ஒன்று கருத்தை விளக்கும், ஒன்று வேலையைப் படிப்படியாகச் சொல்லும், ஒன்று தகவலைப் பட்டியலிடும். துண்டுகளை வரிசைப்படுத்த 'மேப்' என்று தனிக் கோப்பு.

எழுதுபவருக்கு இது அப்படியொன்றும் இன்பமான ஏற்பாடு அன்று. ஒரு பத்தி எழுதுவதற்குள் எத்தனை டேக், எத்தனை விதி. இருந்தும் பெரிய நிறுவனங்கள் ஏன் இதற்கு மாறின? மொழிபெயர்ப்புச் செலவு. அச்சுப்பொறி செய்யும் ஒரு நிறுவனம் முப்பது மொழிகளில் கையேடு தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் சொல்லுக்கு இவ்வளவு என்று. 'மின் இணைப்பைத் துண்டிக்கவும்' என்ற எச்சரிக்கை நாற்பது மாடல்களின் கையேட்டிலும் வரும். அதை நாற்பது பேர் நாற்பது விதமாக எழுதியிருந்தால் முப்பது மொழிகளிலும் ஆயிரத்து இருநூறு முறை காசு. ஒரே துண்டாக எழுதி எல்லா இடத்திலும் சுட்டினால் முப்பது முறை. 1984இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய ட்ராடோஸ் போன்ற மொழிபெயர்ப்பு நினைவக மென்பொருள்கள், முன்பே மொழிபெயர்த்த வாக்கியம் மறுபடி வந்தால் கண்டுபிடித்துக் கொடுக்கும். ஆனால் வாக்கியம் அச்சு அசலாக இருந்தால்தான் முழுப் பலன். பக்க வடிவமைப்பை மொழிக்கு மொழி கையால் சரிசெய்யும் செலவும் இதில் ஒழிந்தது. ஆக, டீட்டாவை வாங்கியவர் நிதி அதிகாரி, அனுபவித்தவர் மொழிபெயர்ப்பு மேலாளர், தட்டச்சு செய்தவர் மட்டும் எழுத்தாளர்.

விமானத் துறை இதற்கும் முன்பே இந்த வழிக்கு வந்துவிட்டது. எஸ்1000டி என்ற தரம் விமான ஆவணங்களைத் தரவுத் துண்டுகளாகப் பிரித்தது. 1986இல் வந்த எளிமையாக்கிய ஆங்கில விதிகள் வேலை சொல்லும் வாக்கியத்தில் இருபது சொல்லுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டின. பராமரிப்பவர் தாய்மொழி ஆங்கிலமாக இருக்காது என்ற நினைப்பிலிருந்து வந்த விதி அது. கருவியைவிட இந்த விதிதான் அதிக நன்மை செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

டீட்டா எழுத ஆக்சிஜன் என்ற எடிட்டரைத்தான் அதிகம் பேர் வைத்திருக்கிறார்கள். ருமேனியாவின் கிராயோவா நகரத்து சின்க்ரோ சாஃப்ட் செய்வது அது. டேக்குகளை மறைத்துக்கொண்டு எழுதலாம், வேண்டும்போது திறந்து பார்க்கலாம். விலையும் நியாயம். செலவு வருவது துண்டுகளைச் சேமிக்கும் உள்ளடக்க மேலாண்மைத் தளத்தில். மூன்று பேர் உள்ள குழு ஒரே மொழியில் எழுதுவதற்கு அத்தகைய தளத்தை வாங்கினால், ஒருவருக்கு அதைப் பராமரிப்பதே வேலையாகிவிடும்.

தமிழுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. துண்டு முறையின் உயிர் 'வேரியபிள்': பொருளின் பெயரை ஓரிடத்தில் வைத்து வாக்கியங்களுக்குள் செருகுவது. ஆங்கிலத்தில் பெயரை எங்கே செருகினாலும் உருமாறாது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும். வேரியபிளில் 'செயலி' என்று இருக்கிறது, அதன் பின்னால் 'யைத் திறக்கவும்' என்று எழுதிவைக்கிறோம். சரியாக வருகிறது. நாளைக்குப் பெயரை 'மென்பொருள்' என்று மாற்றினால் 'மென்பொருள்யைத் திறக்கவும்' என்று வந்து நிற்கும். கடைசிப் புள்ளியெழுத்து உருபோடு கலக்க வேண்டும் என்பது கருவிக்குத் தெரியாது. இதற்குப் பயந்துதான் மொழிபெயர்ப்பாளர்கள் 'மென்பொருள் என்பதைத் திறக்கவும்' என்று எழுதுகிறார்கள். கைபேசித் திரைகளில் நாம் முகம் சுளிக்கும் பல 'என்பதை'களுக்கு மொழிபெயர்ப்பாளரின் தமிழறிவு குறைவு காரணமன்று. பின்னிஷ், ஹங்கேரியன் போன்ற ஒட்டுமொழிகளுக்கும் இதே தொல்லை இருக்கிறது. பெயரை வேற்றுமைக்கு ஒன்றாகத் தனித்தனி வேரியபிளில் வைப்பது ஒரு வழி. செய்ய முடிகிற வேலைதான், யாராவது நேரம் ஒதுக்க வேண்டும்.

2010களில் அடுத்த கை புரோகிராமருடையதாயிற்று. மென்பொருள் ஆண்டுக்கு ஒரு முறை வெளியான காலம் போய் வாரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு ஒரு முறை என்று ஆனது. கையேட்டை எழுத்தாளர் தனி மென்பொருளில் தனியாகப் பூட்டி வைத்திருந்தால் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. எனவே நிரல் இருக்கும் இடத்திலேயே ஆவணமும் இருக்கட்டும், நிரலைச் சரிபார்க்கும் முறையிலேயே ஆவணத்தையும் சரிபார்க்கலாம் என்ற கொள்கை வந்தது. 'டாக்ஸ் அஸ் கோட்' என்று இதற்குப் பெயர். ஜான் குரூபர் 2004இல் வலைப்பதிவு எழுதுபவர்களுக்காக வெளியிட்ட மார்க்டவுன் இதன் எழுத்துமொழி ஆனது. சேமிப்பு, புரோகிராமர்கள் நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில், தளத்தைக் கட்ட ஜெக்கில், ஹியூகோ, எம்கேடாக்ஸ், டாக்கிசாரஸ் என்று ஏதாவது ஒன்று. பைத்தான் மொழி தன் ஆவணங்களை லாடெக்கிலிருந்து எடுத்து 2008இல் ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணத் தயாரிப்புக் கருவிக்கு மாற்றியது. லினக்ஸ் கர்னல் 2016இல் டாக்புக்கைக் கைவிட்டு அதே ஸ்ஃபிங்ஸுக்கு வரத் தொடங்கியது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் தன் தொழில்நுட்ப ஆவணங்களை மார்க்டவுனாக கிட்ஹப்பில் வைத்து, யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்றது. ஹெல்ப் கம்பைலரை உலகுக்குக் கொடுத்த நிறுவனம் அது.

இந்த முறையின் பெரிய லாபம் மரியாதை. எழுத்தாளர் அனுப்பும் திருத்தம் பொறியாளரின் திருத்தத்தோடு ஒரே வரிசையில் நிற்கிறது, ஒரே மாதிரி மறுஆய்வுக்குப் போகிறது. ஆவணம் முடியாமல் வெளியீடு இல்லை என்று விதி வைக்க முடிகிறது. உடைந்த இணைப்பைத் தானியங்கிச் சோதனை பிடிக்கும். 'வேல்' என்ற சரிபார்ப்பு மென்பொருள், நிறுவனத்தின் நடைவிதியை மீறும் சொற்களைச் சுட்டும். பைசா செலவில்லாத கருவிகள் இவை.

நஷ்டங்களைப் பற்றி ஆர்வலர்கள் குறைவாகவே பேசுகிறார்கள். மார்க்டவுனில் அட்டவணை எழுதியவர்களுக்கு, கட்டத்துக்குள் ஒரு பட்டியல் போட வேண்டும் என்றால் என்ன ஆகும் என்று தெரியும். மார்க்டவுன் ஒரே மொழியும் அன்று. ஊருக்கு ஒரு வழக்கு. 2014இல் காமன்மார்க் என்று ஒரு பொது இலக்கணம் வகுத்தும், எச்சரிக்கைப் பெட்டியை ஒவ்வொரு தளமும் தன் விருப்பப்படிதான் எழுதச் சொல்கிறது. இன்று டாக்கிசாரஸில் இருப்பதை நாளை எம்கேடாக்ஸுக்கு மாற்றினால் இந்த இடங்களிலெல்லாம் கை வைக்க வேண்டும். துண்டு மறுபயன்பாடு கிட்டத்தட்ட கிடையாது, ஒவ்வொரு தளமும் ஒட்டுப்போட்டுச் சமாளிக்கிறது. சட்டப் பிரிவு அம்மையாரை கிட்ஹப்பில் கணக்கு தொடங்கச் சொல்ல முடியாது. அவருக்கு மறுபடி வேர்டு கோப்புதான். ஆஸ்கிடாக், ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் இரண்டும் கையேடு எழுதுவதையே மனத்தில் வைத்துச் செய்தவை. உள்ளிணைப்பு, குறிப்புப் பெட்டி, கோப்புச் செருகல் எல்லாம் இலக்கணத்திலேயே உண்டு. தகுதியால் பார்த்தால் ஆஸ்கிடாக்தான் வென்றிருக்க வேண்டும். மார்க்டவுன் வென்றதற்குக் காரணம் புரோகிராமர்களுக்கு அது முன்பே தெரியும் என்பதுதான்.

ஒரு மென்பொருளை இன்னொன்று அழைக்கும் வாசலான ஏபிஐயின் ஆவணங்களில் இந்தப் போக்கு இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. ஸ்வாகர் என்று பிறந்து ஓப்பன்ஏபிஐ ஆன விவரணக் கோப்பிலிருந்து குறிப்புப் பக்கங்கள் தாமாக உருவாகின்றன. பெங்களூரில் தொடங்கிய போஸ்ட்மேனில் அழைப்பைச் சோதித்துப் பார்த்து உதாரணத்தையும் அங்கிருந்தே எடுக்கலாம். எழுத்தாளருக்கு மிஞ்சுவது விவரிப்பு வரிகளும் தொடக்க வழிகாட்டியும். குறைந்த வேலை போலத் தெரியும். ஆனால் பயனர் தடுக்கி விழும் இடங்கள் அவைதான்.

பெரிய கருவியை நிறுவனம் தேர்வு செய்கிறது. எழுத்தாளர் சொந்த விருப்பத்தைக் காட்டுவது சின்னக் கருவிகளில். நோட்பேட்++ அல்லது விஎஸ் கோடு, அதில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் போட்டு நூறு கோப்புகளில் ஒரே அடியில் தேடி மாற்றுவது. இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து வேறுபாடு காட்டும் ஒப்பீட்டு மென்பொருள். திரையைப் படம்பிடித்து அம்புக்குறி போட ஸ்னாகிட். வரைபடத்துக்கு டிராடாட்ஐஓ, எழுத்தாகவே வைத்துக்கொள்ள வேண்டுமானால் மெர்மெய்டு. இவற்றுக்கெல்லாம் மேலே பேன்டாக். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தத்துவப் பேராசிரியரான ஜான் மெக்ஃபர்லேன் 2006இல் தொடங்கிய மாற்றுக் கருவி அது. வேர்டை மார்க்டவுனாக்கும், மார்க்டவுனை லாடெக்காக்கும், டாக்புக்கை எச்.டி.எம்.எல் ஆக்கும். கருவி மாற்றத்தில் சிக்கிய எந்தக் குழுவும் ஒரு நாள் பேன்டாக்கின் வாசலுக்கு வந்தே தீரும். என்னைக் கேட்டால், வேலை அறிவிப்புகளில் கேட்க வேண்டிய திறன் ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான். அது ஃபிரேம்மேக்கர் போனாலும் உதவும், மார்க்டவுன் போனாலும் உதவும்.

இப்போது அடுத்த கை இன்னொரு முறை மாறிக்கொண்டிருக்கிறது. கையேட்டை மனிதர் திறப்பதற்கு முன் ஒரு மொழிமாதிரி படித்து, பயனரின் கேள்விக்குப் பதிலாகச் சொல்கிறது. இயந்திரம் சுலபமாகப் படிக்கத் தளத்தின் வேரில் எளிய உரைக் கோப்பு ஒன்றை வைக்கும் யோசனை 2024இல் முன்வைக்கப்பட்டது. மென்பொருள் நிறுவனங்கள் பல வைக்கத் தொடங்கிவிட்டன. அதன் வடிவம் மார்க்டவுன். துண்டு துண்டாக, தலைப்பும் நோக்கமும் தெளிவாக எழுதுங்கள் என்று கால் நூற்றாண்டாகச் சொல்லிவந்த டீட்டாக்காரர்கள், நாங்கள் அன்றே சொன்னோமே என்கிறார்கள். மார்க்டவுன்காரர்கள், டீட்டாக்காரர்கள் இரு தரப்பிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. முதல் வரைவை இயந்திரமே எழுதித் தருவதும் நடக்கிறது. மென்பொருளில் இல்லாத பொத்தானை அது அழகான நடையில் விவரித்துவிடும் என்பதால், சரிபார்க்கும் வேலை எழுத்தாளரின் தலையில் கூடியிருக்கிறது.

புதிதாகக் கருவி வாங்கப் போகும் குழு விற்பனையாளரின் டெமோவை நம்ப வேண்டாம். அவர் கொண்டுவரும் மாதிரிக் கோப்பு ஒழுங்கான பிள்ளை. எந்தக் கருவியிலும் நன்றாகத்தான் நடக்கும். உங்களிடமுள்ள கையேடுகளிலேயே மிக மோசமான அத்தியாயத்தை எடுங்கள்: கட்டத்துக்குள் பட்டியல், மாடலுக்கு மாடல் மாறும் படிகள், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமான படங்கள், மூன்று இடங்களில் திரும்ப வரும் எச்சரிக்கை. அதை அந்தக் கருவியில் ஏற்றி, பொறியாளர் ஒருவருக்கும் சட்டப் பிரிவுக்கும் மறுஆய்வுக்கு அனுப்பி, ஒரு மொழிக்கு மொழிபெயர்த்து, வலைப்பக்கமும் பி.டி.எஃபும் எடுத்துப் பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் அந்தக் கருவியிலிருந்து வெளியே எடுத்து வேறொன்றில் திறந்து காட்டும்படி விற்பனையாளரையே கேளுங்கள்.